ஆறாவது வேலைநாள்

வெள்ளைக்காரியாக இருந்திருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும். தோலைப் பார்த்து மயங்கிவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். நத்தாலி என்னைவிட ஒரு பிடி கறுப்பு. மொரீஷியஸ்காரி. பாட்டனுக்குப் பாட்டன் கரும்பு வெட்டக் கப்பலேறிப் போனவராம். குடும்பப் பெயர் ஆறுமுகம், அதை அவள் ‘ஆர்மூகம்’ என்பாள். தமிழ் என்று அவளிடம் இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். வாயைத் திறந்தால் பிரெஞ்சும் இங்கிலீஷும். திருவனந்தபுரத்துப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படிக்க ஸ்காலர்ஷிப்பில் வந்திருந்தாள். படிக்க வந்தவள் படித்துவிட்டுப் போக வேண்டியதுதானே? என் பிழைப்பில் எதற்கு வந்து நுழைந்தாள் என்பதுதான் என் கேள்வி.

என் பிழைப்பு என்னவென்றால், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்பக்கம், அரசாங்கம் சம்பளம் கொடுக்கும் ஒரு பழைய எய்டட் பள்ளிக்கூடம். மற்ற வகுப்பெல்லாம் மலையாளம். ஒன்றாம் வகுப்பில் மட்டும் ஒரு தமிழ் டிவிஷன், அதற்கு டீச்சர் நான். ராகேல் டீச்சர். கேரளத்தில் ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்து ஆறாவது வேலைநாள், கல்வி ஆபீஸிலிருந்து ஆள் வந்து பிள்ளைகளின் தலையை எண்ணுவார்கள். அன்றைக்குப் பெஞ்சில் இருக்கிற தலைதான் அந்த வருஷத்துக் கணக்கு. எங்கள் டிவிஷனுக்குப் பதினைந்து தலை வேண்டும். இல்லாவிட்டால் டிவிஷன் போயிற்று, டீச்சரும் போக வேண்டியதுதான். முன்னாலேயே வேலையில் சேர்ந்தவர்களை வேறு பள்ளிக்கு அனுப்பிக் காப்பாற்றுவார்கள். நான் பிந்திச் சேர்ந்தவள், எனக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. வீட்டுக்காரர் சத்தியதாஸ் முதுகு போய் லாரி ஓட்டுவதை நிறுத்திய பிறகு என் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

அதனால் ஒவ்வொரு மே மாசமும் தம்பானூர் ரயில்வே லைனுக்குப் பின்னாலிருக்கும் காலனியில் வீடு வீடாக ஏறி இறங்குவேன். முக்கால்வாசி தமிழ்க் குடும்பங்கள். சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமப்பவர்கள், கார்ப்பரேஷனில் குப்பை தூத்து வாருகிறவர்கள். "பிள்ளைய எங்க ஸ்கூல்ல சேருங்க, பை நான் வாங்கித் தாறேன், குடை நான் வாங்கித் தாறேன்" என்று கெஞ்சுவேன். எய்டட் பள்ளி டீச்சர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. ஓட்டுக் கேட்கிறவன்கூட ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் கையைக் கூப்புவான். நான் வருஷா வருஷம் கூப்புகிறேன்.

2003ஆம் வருஷம் மே மாசம் அப்படிக் கையைக் கூப்பிக்கொண்டு போனபோதுதான் அவளை முதலில் பார்த்தேன். காலனியில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு தார்ப்பாயைக் கட்டி, கீழே சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பிள்ளைகள். ஒருத்தி அவள் மடியில். ஒருத்தன் முதுகில் தொங்குகிறான். அவள் ஒரு செருப்பைத் தூக்கிக் காட்டுவாள். பிள்ளைகள் "செருப்பு" என்று கத்தும். அவள் "செரிப்பூ" என்பாள். அவ்வளவுதான், அத்தனையும் உருண்டு சிரிக்கும், அவளைத் திருத்தும். பிறகு அவள் இங்கிலீஷில் சொல்லிக் கொடுப்பாள், அதையும் உடனே பிடித்துக்கொள்ளும். இதுக்குப் பேர் ஒரு வகுப்பு. நான் தப்பாகச் சொன்னால் என் வேலை போகும். அவள் தப்பாகச் சொன்னால் கைதட்டு.

ஒரு மாசமாகவே சாயங்காலம் காலேஜ் விட்டதும் வந்துவிடுகிறாளாம். யாரும் கூப்பிடவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை. இந்த ஊரில் ஒரு வருஷமாவது ஏதாவது பிரயோஜனமாகச் செய்ய வேண்டும் என்று அவளாகவே வந்ததாம்.

முத்தாரம்மாள் வீட்டுக்குப் போனேன். அவள் சாலைக் கடைத்தெருவில் தூத்து வாருகிறவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் மகள் ஆர்ஷாவை முதலில் பார்த்த அன்றைக்கே அந்தப் பிள்ளையை என் மனசுக்குள் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டுக்கு முறுக்கும் அச்சப்பமும் கொண்டுபோய்க் கொடுத்தது பின்னே எதற்காம்?

"டீச்சரே, இங்க இங்கிலீஷ் மீடியம் வேன் வருதாக்கும். பிள்ளையளு டை கெட்டிப் போவுது. ஆர்ஷாவ அதுல விடலாம்னுதான் இருந்தேன்" என்றாள் முத்தாரம்மாள்.

"அடி பாவி, அப்போ நான் மூணு வருஷமா நடந்தது?"

"பொறுங்க டீச்சரே, சொல்லுதேன். இந்தப் பிள்ள நத்தாலி மிஸ்ஸ விட்டுட்டு எங்கயும் போவ மாட்டேங்குது. மிஸ்ஸு உங்க ஸ்கூல்ல வந்து படிப்பிக்குமா? படிப்பிக்கும்னா சொல்லுங்க, நாளைக்கே சேக்குதேன். எங்க லைன்ல மத்தவங்களும் சேப்பாங்க."

"படிப்பிக்கும்" என்று சொல்லிவிட்டேன். என் பையும் குடையும் முறுக்கும் மூன்று வருஷம் செய்யாததை, அவள் ஒரு கிழிந்த சாக்கில் உட்கார்ந்து ஒரு மாசத்தில் செய்துவிட்டாள். வயிறு எரிந்தது. பொறாமைதான். வேறு என்ன பெயர் வைப்பது?

சொன்னதை நிஜமாக்க வேண்டுமே. எங்கள் எச்.எம். ஞானசிகாமணி சாரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பயம் வந்தால் அப்படித்தான் செய்வார்.

"டீச்சரே, அது ஸ்டூடன்ட் விசாவுல வந்த பெண்ணாக்கும். இங்க படிப்பிக்குதுன்னு ஆபீஸ்ல தெரிஞ்சா வம்பு. காலையில ஒரு மணிக்கூர் வந்துட்டுப் போவட்டும். ரெஜிஸ்டர்ல பேரு ஏறாது. கிளாஸ் டீச்சர் நீங்கதான், அது சும்மா ஒத்தாசை. ஆரு கேட்டாலும் வாயத் தொறக்கப்பிடாது, கேட்டேளா?"

நத்தாலியிடம் நானே போய்க் கேட்டேன். அவள் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "தேங்க் யூ டீச்சர், தேங்க் யூ" என்று குதித்தாள். சம்பளமில்லாத வேலைக்கு ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்பட்டால், சம்பளத்துக்குச் செய்கிறவளுக்குக் கோபம் வராதா?

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்தது. என் வகுப்பில் பதினேழு பிள்ளைகள். போன வருஷம் தட்டித் தடவிப் பதினைந்து தேற்றிய டிவிஷன் இது. ஞானசிகாமணி சார் பெஞ்சுகளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் வந்து சேரும்வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

காலையில் அவள் கேட்டுக்குள் காலை வைத்ததும் அத்தனை பிள்ளைகளும் பெஞ்சைத் தள்ளிவிட்டு ஓடும். "உக்காருங்க மக்களே" என்று நான் போடும் சத்தம் எதன் காதிலும் ஏறாது. பிரபின் என்று ஒரு பயல், இரண்டாம் நாள் படியில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டான். நான்தான் பக்கத்தில் நின்றேன். வா மக்களே என்று கையை நீட்டினேன். அவன் என் கைக்குக் கீழே குனிந்து நுழைந்து ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதான். நீட்டின கையை நான் என்ன செய்வேன்? தலைமுடியை ஒதுக்குவது போல மடக்கிக்கொண்டேன். அடுத்த அறை மலையாளம் டீச்சர் பார்த்துவிட்டாள்.

அவள் ஒரு மணி நேரம் பாடி ஆடிவிட்டுக் காலேஜுக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு நாள் முழுக்க இந்தப் படையை நான்தான் மேய்க்க வேண்டும். சிலேட்டைப் பிடிக்க வைக்க வேண்டும், மூக்கைச் சிந்த வைக்க வேண்டும், மூத்திரத்துக்கு வரிசையாகக் கூட்டிப் போக வேண்டும். இதையெல்லாம் பாட்டுப் பாடியா செய்ய முடியும்? சத்தம் போட்டேன். காதைப் பிடித்தேன். உள்ளதைச் சொன்னால், அந்த வாரம் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்தேன். அவளிடம் காட்ட முடியாததை யாரிடமாவது காட்ட வேண்டுமே.

"ஏட்டி, அது படிக்க வந்த பிள்ள. நீ எதுக்கு அதுகூட மல்லுக்கு நிக்குத?" என்றார் சத்தியதாஸ்.

"நானா நிக்கேன்? ஒரு வார்த்தை சண்ட போட்டிருந்தாக்கூட ஆத்திரம் தீந்திருக்கும். அவ என்னப் பாத்தா டீச்சர் டீச்சர்னு ஓடி வந்துல்லா பையத் தூக்குதா!"

ஐந்தாம் நாள் கிளம்பும்போது நத்தாலி என்னிடம் வந்தாள். பிள்ளைகளிடம் கற்றுக்கொண்ட தமிழில், "டீச்சர், நாளைக்கு காலேஜ்ல பரீட்சை. நான் வர முடியாது. சாரி" என்றாள். முகமே வாடிப்போயிருந்தது.

"அதுக்கென்ன மோளே, போய் நல்லா எழுது" என்று அவள் கன்னத்தைத் தட்டினேன். வாயெல்லாம் பல்லாக நின்றேன். மறுநாள் தலையெண்ணும் நாள். ஆபீஸர் வரும்போது வகுப்பில் நான் மட்டும் நிற்பேன், என் பிள்ளைகள் என் முன்னால் உட்கார்ந்திருக்கும். கர்த்தர் எனக்கென்று ஒதுக்கித் தந்த பரீட்சை என்றே நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து மீன் கழுவும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. அவள் வரமாட்டாள் என்று தெரிந்தால் பிள்ளைகள் வருமா? பதினேழில் மூன்று வராவிட்டால் போதும், என் கதை முடிந்தது. ஏசப்பா, நாளைக்கு மட்டும் வரட்டும் என்று ஜெபம் செய்தேன். அவள் பெயரைச் சொல்லி ஜெபம் செய்ய மட்டும் எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் சரியான ஜூன் மழை. தம்பானூரில் முழங்கால் தண்ணீர். பள்ளிக்கூட வராந்தாவில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஆர்ஷா வந்தாள். பின்னால் பிரபின், ஷாலு, ரெஜி. நான் வாங்கிக் கொடுத்த நீலக் குடைகள் வரிசையாக வளைவைத் திரும்பி வந்தன. பதினேழும் வந்தன. அந்த நேரத்தில் எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. அவள் இல்லாமலே வந்துவிட்டார்கள், பார்த்தீர்களா! ஒவ்வொரு தலையாகத் துவட்டி உட்கார வைத்தேன்.

பதினொரு மணி வாக்கில் ஆபீஸர் வந்தார். மலையாளி, நடுவயசு, கால்சட்டை பாதி நனைந்து எரிச்சலில் இருந்தார். அதற்கு முந்தின வருஷம் ஏதோ ஒரு பள்ளியில் தலையெண்ணும் நாளுக்கு மட்டும் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளைக் கடன் வாங்கி உட்கார வைத்துப் பிடிபட்டார்கள். அதிலிருந்து அவர்களுக்கு எங்கே போனாலும் சந்தேகம்தான். பதினேழு தலையைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். வருகை குறிக்கும் ஹாஜர் புத்தகத்தைப் புரட்டி, "கழிஞ்ஞ வருஷம் பதினஞ்சல்லே?" என்றார். போன வருஷம் பதினைந்துதானே, இப்போது எப்படிக் கூடியது என்று கேள்வி. ஞானசிகாமணி சார் கண்ணாடியைக் கழற்றினார்.

ஆபீஸர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். தமிழும் மலையாளமும் கலந்து சிரித்த முகத்தோடு கேட்டார்.

"மக்களே, உங்க டீச்சர் பேரு எந்தா?"

"நத்தாலி மிஸ்!"

பதினேழு தொண்டையும் ஒன்றாகக் கத்தியது. மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நான் கரும்பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"நத்தாலியோ? அது ஆரு?" ஆபீஸர் ஸ்டாஃப் பட்டியலை எடுத்து விரலால் ஓட்டினார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. "அங்ஙனெ ஒரு பேரு இவிடெ இல்லல்லோ சாரே. இந்தக் குட்டிகள் எந்த ஸ்கூல்?"

ஞானசிகாமணி சார் வாயைத் திறந்தார், விசா ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டார். அந்த மௌனத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். ஆபீஸர் பேனாவை மூடினார்.

"சாரே, இது என் கிளாஸாக்கும். இது என் பிள்ளையளு" என்றேன்.

"பிள்ளைகள் அப்படிச் சொல்லலையே டீச்சரே."

சத்தியதாஸின் முதுகு, வீட்டு வாடகை எல்லாம் கண் முன்னால் வந்தது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் அது பிறகுதான் வந்தது. முதலில் வந்தது, ஒருத்தியாவது என் பெயரைச் சொல்லக்கூடாதா என்பதுதான். துவட்டின தலை இன்னும் ஈரமாக இருக்கிறது. அந்தத் தலையிலிருந்து என் பெயர் வரவில்லை.

போகிற போக்கில் ஆபீஸர் முன்பெஞ்சில் இருந்த ஆர்ஷாவிடம் குனிந்தார். என்னைக் காட்டி, "மோளே, இது ஆரு?" என்றார்.

ஆர்ஷா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காதத் திருகுத டீச்சர்" என்றாள்.

"எப்போ திருகினாங்க?"

"நேத்து. அதுக்கு முந்தின நாளும். பிரபினுக்கு ரெண்டு காதும்."

பிரபின் எழுந்து காதைக் காட்டினான். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. "என்ன முட்டி போட வச்சாங்க சார்!" "மூக்கச் சிந்தாம உள்ள வராதேன்னு வெரட்டுவாங்க!" "சோறு சிந்துனா அடிப்பாங்க!" "'அ' எழுத்து வளைவா இல்லேன்னா அழிச்சு அழிச்சு எழுதச் சொல்லுவாங்க, கை நோவுது சார்!" ஐந்து நாளில் நான் செய்த ஒன்றைக்கூட அவர்கள் விடவில்லை. நேற்று ஷாலுவைத் திட்டிய திட்டை ரெஜி என் குரலிலேயே சொல்லிக் காட்டினான்.

ஆபீஸர் தொந்தி குலுங்கச் சிரித்தார். பேனாவைத் திறந்தார். கடன் வாங்கிய பிள்ளைகளின் காதை யாரும் இப்படித் திருக மாட்டார்கள் என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டே பதினேழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "டீச்சரே, கொஞ்சம் மெதுவாத் திருகணும், கேட்டோ" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார்.

டிவிஷன் பிழைத்தது. வேலை பிழைத்தது. ஞானசிகாமணி சார் சாயாவும் பழம்பொரியும் வாங்கி வரச் சொன்னார். மலையாளம் டீச்சர் என் காதைத் தொட்டு, "காது காப்பாத்திச்சு அல்லே ராகேலே" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பழம்பொரி உள்ளே இறங்கவில்லை. அன்பாகச் சொன்ன பெயர் அவளுடையது. என்னை அடையாளம் காட்டியது என் கை மட்டும்தான்.

மத்தியானம் மழை விட்டபோது நத்தாலி ஓடி வந்தாள். பரீட்சை முடிந்த கையோடு பஸ் பிடித்து வந்திருக்கிறாள். பேன்ட் எல்லாம் சேறு. "டீச்சர், சார் வந்தாச்சா? எல்லா பிள்ளையும் வந்துச்சா?"

"உனக்கு எப்படித் தெரியும் இன்னைக்குச் சார் வருவாருன்னு?"

"எச்.எம். சொன்னார். நான் நேத்து காலனி போனேன். ஒவ்வொரு வீடும். நாளைக்கு மழை வந்தாலும் போகணும், ராகேல் டீச்சர் வேலை, ரொம்ப முக்கியம் சொன்னேன்."

நீலக் குடைகள் வளைவைத் திரும்பி வந்த அந்தப் பெருமையும் என்னுடையது இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அதையும் அவள்தான் எனக்குக் கொடுத்திருக்கிறாள், நான் கேட்காமலே. அவளை ஓங்கி ஒன்று போட வேண்டும் போலிருந்தது. காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் நின்றேன்.

அதற்குள் பிள்ளைகள் அவளை மொய்த்துவிட்டன. ஆர்ஷா அவள் கையைப் பிடித்து இழுத்து, "மிஸ், ஒரு சார் வந்தாரு. டீச்சர் பேரு கேட்டாரு. நாங்க எல்லாரும் உங்க பேரச் சொன்னோமே!" என்றாள். பரிசு வாங்கி வந்த மாதிரி முகம்.

நத்தாலிக்கு முகம் வெளுத்துப்போயிற்று. என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் அந்த ஈரத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, "இல்ல, இல்ல. நான் மிஸ் இல்ல. நானும் படிக்கிற பிள்ள. உங்க டீச்சர் யாரு? சொல்லுங்க, எங்க டீச்சர் ராஷேல் டீச்சர்" என்றாள். அவள் பிரெஞ்சு நாக்கில் என் பெயர் எப்போதும் அப்படித்தான் வரும்.

"எங்க டீச்சர் ராஷேல் டீச்சர்" என்றன பிள்ளைகள். என் பெயரைக்கூட அவள் உச்சரிப்பில்தான் சொன்னார்கள்.

நான் கேட்டேன், "அடுத்த ஜூனுக்கு நீ இங்க இருப்பியா?"

"இல்ல டீச்சர். ஏப்ரல்ல கோர்ஸ் முடியும். நான் வீட்டுக்குப் போறேன்." கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

அப்பாடா என்று இருந்தது. நிஜமாகவே ஒரு பெரிய மூச்சு வந்தது. அந்த மூச்சு வெளியே போய் முடிவதற்குள், அடுத்த வருஷம் எண்ண வரும்போது பெஞ்சில் யார் இருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். முத்தாரம்மாள் மாதிரி எத்தனை வீட்டு வாசலில் நான் தனியாகப் போய் நிற்க வேண்டும் என்று நினைத்தேன்.

நத்தாலி எழுந்திருக்கப் போனாள். நான் அவள் தோளைப் பிடித்து அழுத்தினேன்.

"இன்னொருக்கா சொல்லச் சொல்லு" என்றேன்.

அவள் சொல்லச் சொன்னாள். பதினேழு பேரும் சொன்னார்கள், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு.